நறுக்கும் பலகையின் கறை: நான் செய்த தவறுகளை நீங்களும் செய்ய வேண்டாம்

எங்கள் சமையற்கூடத்தில் சென்ற மாதம் சேர்ந்த இளைஞர் ஒருவர், மதிய வேலை முடிந்ததும் வெள்ளைப் பிளாஸ்டிக் பலகையைத் தொட்டியில் சாய்த்துவைத்துக் கம்பி நாரால் அரைமணி நேரமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். மஞ்சள் கறை அசையவில்லை. நார் பட்ட இடமெல்லாம் வழவழப்புப் போய்ச் சுண்ணாம்புச் சுவர்போல வெளிறியிருந்தது. பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் நானும் இதையே செய்தவன் என்பதால், அவரிடம் சொன்னவற்றை இங்கே எழுதுகிறேன். பலகையைக் கழுவிக் காயவைக்க வேண்டும், இறைச்சிக்கும் காய்கறிக்கும் தனித்தனிப் பலகை வேண்டும் என்பனவெல்லாம் எல்லாரும் அறிந்தவையே, அவற்றை விட்டுவிடுகிறேன்.

கறை எதனுடையது என்று பாராமல் கைவைப்பது

பீட்ரூட்டின் சிவப்பு பார்வைக்குப் பயமுறுத்தும். ஆனால் அது நீரில் கரையும் நிறம் என்பதால், உலர்வதற்குள் கழுவினால் பெரும்பாலும் போய்விடும். கேரட்டின் ஆரஞ்சும் மஞ்சளின் நிறமும் எண்ணெயில் கரைபவை. அவற்றை வெறும் நீரால் கழுவுவது வீண் வேலை. வாழைக்காய், வாழைப்பூ ஆகியவற்றின் துவர்ப்புச் சாறு முதலில் நிறமின்றி இருந்து, காற்றுப் பட்டபின்தான் பழுப்பாகிக் கருக்கும். ஆகவே நறுக்கி முடித்த கையோடு கழுவிவிட வேண்டும். பலாக்காய் நறுக்குமுன் கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவுகிறோம் அல்லவா? அதே எண்ணெயில் இரண்டு சொட்டைப் பலகையிலும் தடவிக்கொண்டால் பிசினும் ஒட்டாது, கறையும் அவ்வளவாக ஏறாது. இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை என்பதில் இன்றும் சிறு வருத்தம் உண்டு.

கம்பி நாரால் தேய்ப்பது

பணத்தை விழுங்கும் தவறு இதுதான். இன்றும் யாராவது செய்வதைக் கண்டால் எனக்கு எரிச்சல் பொங்குகிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு கல்யாணச் சமையலுக்கு முந்தைய இரவு, மறுநாள் பெண் வீட்டார் சமையற்கட்டைப் பார்க்க வருவார்கள் என்று சொல்லி, பெரிய பலகைகள் நான்கையும் வெள்ளையாக்கிவைக்கும் பொறுப்பை என்னிடம் விட்டார்கள். துலக்கும் பொடியைத் தூவி, கம்பி நாரைக் கையில் சுற்றிக்கொண்டு, இரவு பன்னிரண்டு மணிவரை தேய்த்தேன். காலையில் பலகைகள் உண்மையிலேயே வெளுத்திருந்தன. எல்லாரும் பாராட்டவும் செய்தார்கள். ஒரே வாரத்தில் நான்கும் முன்பைவிட மோசமாக மஞ்சளித்தன, இரண்டில் செம்பழுப்புப் புள்ளிகள் வேறு தோன்றின. பலகை ஒன்று 900 ரூபாய் என்று கணக்கிட்டு 3,600 ரூபாயைப் பிடித்துக்கொண்டார்கள். என் அப்போதைய மாதச் சம்பளத்தில் அது பாதிக்கு மேல்.

நடந்தது என்ன என்பது பின்னர்தான் எனக்குப் புரிந்தது. இப்பலகைகளில் பெரும்பாலானவை பாலிஎத்திலீனால் ஆனவை. அது மெழுகைப் போல எண்ணெயோடு உறவாடும், நீரை ஒதுக்கும். மஞ்சளின் நிறப்பொருளான குர்குமினும் எண்ணெயைத் தேடும் பொருளே. எனவே மசாலா எண்ணெயோடு அது பலகையின் மேற்பரப்பில் ஊறிவிடுகிறது. கம்பி நார் அந்த மேற்பரப்பைச் சிறிதளவு சுரண்டி எடுப்பதால் வெளுத்ததுபோலத் தெரிகிறது. ஆனால் கூடவே ஆயிரக்கணக்கான மயிரிழைக் கீறல்களையும் விட்டுச்செல்கிறது. அடுத்த நாளின் மஞ்சளும் கொழுப்பும் கிருமிகளும் அக்கீறல்களில் குடியேறுகின்றன. நாரிலிருந்து ஒடிந்த துணுக்குகள் அங்கேயே சிக்கித் துருப்பிடிக்கின்றன. நான் கண்ட செம்பழுப்புப் புள்ளிகள் அவைதாம். அத்துணுக்குகள் பொரியலில் விழாமல் போனது என் நல்ல காலம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: பழைய வேட்டித் துணியில் சிறிது தேங்காய் எண்ணெய் தொட்டுக் கறைமீது தேய்த்து, கால்மணி நேரம் விட்டு, துணியின் மறுபக்கத்தால் அழுத்தித் துடையுங்கள், மஞ்சள் துணிக்கு வருவது கண்ணுக்குத் தெரியும். பிறகு மென்மையான நாரும் சோப்பும் கொண்டு கழுவி, கறை மேலே இருக்குமாறு மூன்று நான்கு மணி நேரம் நேர்வெயிலில் வையுங்கள். குர்குமின் ஒளியில் சிதையும் பொருள். மீதியை வெயில் பார்த்துக்கொள்ளும்.

சோப்புப் பட்டதும் சிவந்தால் பதறுவது

சோப்பின் காரத்தன்மை பட்டால் மஞ்சள் சிவக்கும். சுண்ணாம்போடு சேர்த்து ஆரத்தி கரைக்கும் நமக்கு இது புதிதல்ல. நன்றாக அலசுங்கள், பழைய நிறத்துக்குத் திரும்பும்.

கொதிநீரை ஊற்றுவது

பலகை வளையும். வளைந்த பலகை கத்திக்கு அடியில் ஆடும். ஆடினால் விரல் போகும்.

சமையல் சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கொட்டுவது

நுரை பொங்குவதைப் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் காரமும் அமிலமும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு, நுரை அடங்கியபின் எஞ்சுவது ஏறக்குறைய உப்புநீரே. சோடாவைத் தனியாகக் குழைத்துப் பூசினாலாவது மெல்லத் தேய்ப்பதற்கு உதவும்.

பிளீச்சோடு வினிகரோ கழிப்பறை அமிலமோ சேர்ப்பது

ஒருபோதும் கூடாது. குளோரின் வாயு கிளம்பும்.

வெயிலில் வைத்துவிட்டு மறந்துபோவது

மொட்டைமாடியில் மாதக்கணக்கில் கிடந்த பலகை ஒன்று கீழே விழுந்ததும் ஓரம் சில்லுச்சில்லாகப் பெயர்ந்தது. கறையைச் சிதைக்கும் அதே ஒளிதான் பிளாஸ்டிக்கையும் நொறுங்கச் செய்கிறது.

கருப்புப் புள்ளிகளைக் கறை என்று எண்ணுவது

மஞ்சள் நிறம் யாருக்கும் நோய் தராது. வெட்டுத் தடங்களுக்குள் தெரியும் கருமை பெரும்பாலும் பூஞ்சை. கழுவிய பலகையில், ஏறத்தாழ 4 லிட்டர் நீருக்கு ஒரு மேசைக்கரண்டி மணமற்ற திரவப் பிளீச் கலந்து ஊற்றி, சில நிமிடங்கள் விட்டு, அலசி, நிறுத்திவைத்துக் காயவிடலாம். அப்போதும் கருமை போகவில்லை என்றாலோ, நகத்தால் வருடும்போது தடங்களில் நகம் இடறினாலோ, அந்தப் பலகையை மாற்றிவிடுங்கள். அமெரிக்க உணவுப் பாதுகாப்பு ஆய்வாளர் டீன் கிளைவரும் அவருடைய குழுவினரும் 1990களில் நடத்திய ஆய்வுகளில், புதிய பிளாஸ்டிக் பலகை எளிதில் சுத்தமாயிற்று. கத்தி வெட்டுகள் நிறைந்த பழைய பலகையையோ, குறிப்பாகக் கோழிக்கொழுப்பு படிந்திருந்தபோது, கையால் கழுவிச் சுத்தப்படுத்த முடியவில்லை.

நான் கெடுத்த நான்கு பலகைகளில் ஒன்று, மாவரைக்கும் கிரைண்டர் ஆடாமல் இருப்பதற்காக அதன் அடியில் இன்றும் கிடக்கிறது. வெயில் படாத அதன் அடிப்பக்கத்தில் அந்த மஞ்சள் அப்படியே இருக்கிறது.