ஸ்டாக் வீடியோ விற்கிறீர்களா? சத்தத்தையும் கவனியுங்கள்

ஸ்டாக் வீடியோ என்றால், மற்றவர்கள் வாங்கித் தங்கள் படைப்பில் பயன்படுத்த நாம் இணையத்தில் விற்கும் காட்சித் துண்டுகள். மெரினாவில் அலை எடுக்கப் போனால் மைக்குக்கு அந்தப் புசுபுசு ரோம உறையை மாட்டாமல் போகாதீர்கள். காற்றுதான் பதிவாகும், அலை எங்கோ கேட்கும். ஒலிப்பதிவு அமைப்பு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், சத்தத்தின் உச்சம் மீட்டரில் மைனஸ் 12 டெசிபல் பக்கம் இருந்தால் போதும். காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலத்தை எடுத்தபோது டீக்கடையில் ஓடிய சினிமாப் பாட்டும் சேர்ந்து பதிவாகிவிட்டது, பதிப்புரிமைத் தொல்லை வேண்டாமென்று மொத்தச் சத்தத்தையும் நீக்கிவிட்டுத்தான் ஏற்றினேன். இப்போதெல்லாம் பாட்டு நிற்கும்வரை காத்திருந்து, ஒரு நிமிடம் சுற்றுச் சத்தத்தை மட்டும் தனியாக எடுத்துக்கொள்கிறேன்.

சரி, விலை. ஷட்டர்ஸ்டாக், அடோபி ஸ்டாக் போன்ற விற்பனைத் தளங்களில் அவர்கள் வைத்ததுதான். பாண்ட்5 தளத்தில் நாமே வைக்கலாம். மேகம், டிராஃபிக் எல்லாம் ஊரே எடுத்தது, மற்றவர்கள் விலையை ஒட்டியே வையுங்கள். விரலிடுக்கில் மாவு இறங்கி விழும் கோலம், பின்னால் வாசல் தெளிக்கும் சத்தத்தோடு இருக்கிறதா? தயங்காமல் விலையைக் கூட்டுங்கள்.