இஞ்சியோன் சைனாடவுன்: நூடுல்ஸோடு திரும்பிவிடாதீர்கள்

சியோல் பக்கம் இருக்கும் நம்மவர்கள் ஞாயிறு வந்தால் இஞ்சியோன் சைனாடவுனுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். திரும்பி வந்ததும் ஒரே புலம்பல்: "அங்க ஒண்ணுமே இல்லீங்க, கூட்டம்தான்." குடை எடுங்கள், நல்ல செருப்பு போடுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். நான் சொல்ல வந்தது வேறு: அங்கே போய் நம்மவர்கள் செய்கிற தவறுகள்.

ரயில்

சியோல் மெட்ரோவின் 1-ஆம் லைன் குரோ ஸ்டேஷனில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று இஞ்சியோனுக்கு, மற்றது சுவோன் பக்கம். ஏறும் முன் வண்டியின் நெற்றியைப் பாருங்கள். எக்ஸ்பிரஸ் டோங்-இஞ்சியோனோடு நின்றுவிடும். நாம் இறங்க வேண்டிய இஞ்சியோன் ஸ்டேஷன் அடுத்தது, கடைசி; அதற்கு வண்டி மாற வேண்டும். விமான நிலையத்துக்குப் பக்கத்தில்தானே என்ற கணக்கும் வேண்டாம். அது யோங்ஜோங் தீவில் இருக்கிறது.

வரிசையிலேயே நாளை முடிப்பது

இதைப் பார்த்தால்தான் எனக்கு இன்னமும் எரிச்சல் வரும். போன வசந்தத்தில் சுவோனிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. முதலில் மேட்டுக்குப் போகும் பழைய எல்லைப் படிக்கட்டு, அப்புறம் சாப்பாடு என்றேன். கேட்கவில்லை. கறுப்பு சாஸ் நூடுல்ஸான ஜஜங்மியோன் "பிறந்த கடை" என்று யாரோ சொன்னார்களாம்; உச்சி வெயிலில் போய் வரிசையில் நின்றார்கள். பிள்ளை சிணுங்க ஆரம்பித்தது. சாப்பிட்டு முடித்தபோது மேடேற யாருக்கும் காலில் தெம்பில்லை. "முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார் அந்த அண்ணன். சொன்னேன் அண்ணே!

"பிறந்த கடை" என்று சொல்லப்படுவது, சீனாவின் ஷான்டோங்கிலிருந்து வந்தவர் தொடங்கிய பழைய கொங்ஹ்வாசுன் உணவகம்; அது 1980-களில் மூடிவிட்டது. அந்தக் கட்டடம் 2012 முதல் ஜஜங்மியோன் அருங்காட்சியகம். அதே பெயரில் இன்று நடக்கும் பெரிய உணவகம் அந்தக் குடும்பத்துடையது அல்ல. பழமையைத் தேடி வந்தவர்கள் அருங்காட்சியகத்தைத் தாண்டிப் போய்ப் புதிய கட்டடத்தின் முன் நிற்கிறார்கள்!

அந்தத் தெருவிலிருந்து நடக்கிற தூரத்தில்தான் எல்லைப் படிக்கட்டு. துறைமுகம் 1883-இல் திறந்தது. ஜப்பானியர் ஒரு பக்கமும், 1884-இல் சீனர்கள் (அப்போது சீனாவை ஆண்டது சிங் அரசு) மறுபக்கமும் தங்களுக்கென்று குடியிருப்புப் பகுதி பெற்றார்கள். நடுவில் இந்தப் படிகள். கீழே நின்று மேலே பாருங்கள்: இடப்பக்கக் கல்விளக்குகள் சீன பாணி, வலப்பக்கம் ஜப்பானிய பாணி. உச்சியில் கன்பூசியஸ் சிலை. அதற்கும் மேலே, 1888-இல் அமைத்த ஜாயு பூங்காவில் நின்றால் துறைமுகம் தெரியும்.

சிவப்பு விளக்கும் அலங்கார வளைவும் பெரும்பாலும் 2000-க்குப் பிறகு வந்தவை. அதற்கு முன் வெளிநாட்டவர் நிலம் வைத்திருக்கக் கொரிய அரசு போட்ட கட்டுப்பாடுகளால் பல சீனக் குடும்பங்கள் தைவானுக்கும் அமெரிக்காவுக்கும் போய்விட்டன. தங்கியவர்களில் பெரும்பாலோர் கையில் இன்றும் தைவான் பாஸ்போர்ட்தான். அவர்களிடம் போய் "சீனாவில் எந்த ஊர்?" என்று ஆரம்பிக்காதீர்கள்.

சரி, நூடுல்ஸும் சாப்பிடுங்கள், பதினோரு மணிவாக்கில். கிண்ணம் வந்ததும் கிளறிவிடுங்கள். போட்டோ எடுத்துக்கொண்டிருந்தால் கட்டியாகிவிடும். கூட வரும் வேகாத வெங்காயத் துண்டைக் கறுப்பு விழுதில் தொட்டுக் கடியுங்கள்.

திங்கட்கிழமை

வேண்டாம். அருங்காட்சியகங்கள் பூட்டியிருக்கும்.

"கறி மட்டும் வேண்டாம்" என்பது

பயனில்லை. சாஸ் வதக்கும்போதே பன்றிக்கறி சேர்ந்துவிடுகிறது. சைவர்களும் முஸ்லிம்களும் கையில் ஏதாவது எடுத்துப் போவது நல்லது.

சீனப் பள்ளி

சைனாடவுனில் இருக்கும் இது இன்னும் வகுப்பு நடக்கிற பள்ளி. கேமராவோடு உள்ளே நுழையாதீர்கள்.