சாட்சிக் கூண்டில் ஏறும் முன்: முதன்முறை சாட்சி சொல்பவருக்கான செய்முறை விளக்கம்

பாளையங்கோட்டையிலிருந்தோ அம்பாசமுத்திரத்திலிருந்தோ சாட்சி சம்மன் வந்தால், முதலில் வழக்கு எண், நீதிமன்றத்தின் பெயர், வாய்தா நாள் ஆகியவற்றைப் பாருங்கள். ஒரே வளாகத்தில் பல நீதிமன்றங்கள் இயங்குவதால், பெயரைக் கவனிக்காதவர் வேறொரு வாசலில் காத்திருக்க நேரிடும்.

அடுத்து, டவாலி (பெயர்களைக் கூப்பிடும் நீதிமன்ற ஊழியர்) உங்கள் பெயரைக் கூப்பிடும் வரை வெளியே இருங்கள். உங்களுக்கு முந்தைய சாட்சி சொல்வதை உள்ளே அமர்ந்து கேட்கக் கூடாது. கூப்பிட்டதும் நீதிபதியை வணங்கிவிட்டு, அவருடைய மேடைக்கு அருகில் ஒரு பக்கமாக இருக்கும் சாட்சிக் கூண்டில் ஏறி நில்லுங்கள். எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், நிற்கும் கூண்டு வேறு; பதற்றத்தில் அதில் போய் ஏறிவிட வேண்டாம். திரைப்படத்தில் வருவதுபோல நூலின் மீது கைவைக்கச் சொல்வதில்லை. 1969ஆம் ஆண்டின் சட்டப்படி கடவுள் பெயரால் சத்தியம் செய்யலாம். விரும்பாதவர் உறுதிமொழி கூறலாம்.

முதலில் உங்களை அழைத்த தரப்பின் வழக்கறிஞர் முதல் விசாரணை செய்வார். உரிமையியல் வழக்கானால் இப்பகுதி பெரும்பாலும் நிரூபண வாக்குமூலமாக, அதாவது சத்தியம் செய்து கையெழுத்திட்ட சாட்சியமாக, எழுத்திலேயே தாக்கலாகிவிடும். குற்ற வழக்கில் வாயால்தான் சொல்ல வேண்டும். கேட்பவர் வழக்கறிஞரானாலும் நீதிபதியைப் பார்த்து, தட்டச்சர் அடித்து முடிக்க இடம்விட்டுச் சொல்லுங்கள். முக்கூடல் சாலையில் பைக் மோதியதைப் பார்த்தவர், “விளக்கு வைக்கிற நேரம், கூப்பிடு தூரத்தில் நின்றேன்” என்று நம் ஊர்ப் பேச்சு வழக்கில் சொன்னால், மணி என்ன, எத்தனை அடி, தெருவிளக்கு எரிந்ததா என்ற கேள்விகள் வரிசையாக வரும். தெரிந்த அளவைச் சொல்லலாம். ஊகித்து அளவு சொல்லக் கூடாது.

மிகுந்த கவனம் தேவைப்படுவது அடுத்து எதிர்த்தரப்பு வழக்கறிஞர் செய்யும் குறுக்கு விசாரணையில்தான். முதல் விசாரணையில் பதிலை உள்ளே பொதிந்து கேட்பதற்குப் பொதுவாக அனுமதியில்லை, இங்கே உண்டு. “நீங்கள் சம்பவ இடத்திலேயே இல்லை என்று சொன்னால் சரிதானே?” என்று கேட்கப்படும்போது, பாதியில் தலையசைத்து “ஆமாம்” என்றால், “நான் சம்பவ இடத்தில் இல்லை என்று சொன்னால் சரிதான்” என்று பதிவாகிவிடும். ஆகவே கேள்வியின் கடைசிச் சொல் வரை கேட்டபின், “சரியல்ல, நான் அங்கேதான் நின்றேன்” என்று முழு வாக்கியமாகச் சொல்லுங்கள். “தெரியாது” என்பதும் “நினைவில்லை” என்பதும் வெவ்வேறு பதில்கள். முதலாவது உங்களுக்கு அச்செய்தியே தெரியாது என்பதையும், இரண்டாவது தெரிந்திருந்து மறந்துபோனதையும் குறிக்கும்.

தேவைப்பட்டால், உங்களை அழைத்த தரப்பின் வழக்கறிஞரே மீண்டும் கேட்கும் மறு விசாரணை சுருக்கமாக நடக்கும். பிறகு பதிவானதைப் படித்துக் காட்டுவார்கள். ஆங்கிலத்தில் பதிவாகியிருந்தால் தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்கலாம். பிழையிருந்தால் கையெழுத்திடும் முன்பே நீதிபதியிடம், “அய்யா, நான் சொன்னது வேறு” என்று சொல்லிவிடுங்கள். குறுக்கு விசாரணை ஒத்திவைக்கப்பட்டிருந்தால் மறுபடியும் வர வேண்டியிருக்கும் என்பதால், கிளம்பும் முன் பெஞ்ச் கிளார்க்கிடம் (நீதிபதியின் அருகே வழக்குக் கட்டுகளைக் கவனிக்கும் எழுத்தரிடம்) அடுத்த வாய்தாவைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.