செலியாக் உள்ளவர்கள் ஹோட்டலில் கேட்க வேண்டியவை

கோதுமை போன்ற தானியங்களில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் ஒத்துக்கொள்ளாமல் குடலைப் பாதிக்கும் நோய்தான் செலியாக். அது உள்ளவர்கள் "கோதுமை சேர்த்திருக்கா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "இல்லைங்க" என்றுதான் பதில் வரும். பலருக்கு மைதாவும் ரவையும் கோதுமைதான் என்பது நினைவில் இருக்காது. "கோதுமை, மைதா, ரவை, சேமியா எதுவும் ஆகாது, கொஞ்சம் பட்டாலும் உடம்புக்கு முடியாமப் போயிடும்" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

இட்லியும் தோசையும் அரிசி, உளுந்துதானே என்று நம்பிவிட முடியாது. தோசைக்கல்லில் சற்றுமுன் ரவா தோசையோ பரோட்டாவோ போட்டிருப்பார்கள். துடைப்பத்தால் தண்ணீர் தெளித்துத் தேய்த்தால் மாவு முழுதாகப் போகாது. தனிக் கல் இல்லையென்றால் தோசையை விட்டுவிட்டு, ஆவியில் வெந்த இட்லி, இடியாப்பம் பக்கம் போங்கள்.

பெரிய வில்லன் பெருங்காயம். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயம் பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ கலந்தது. சாம்பார், ரசம், இட்லிப்பொடி, தாளித்த சட்னி எல்லாவற்றிலும் அது இருக்கலாம். பெருங்காயம் போடாத, தாளிக்காத தேங்காய்ச் சட்னி கிடைக்குமா என்று கேளுங்கள். இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பால் போதும்.

உளுந்து வடையிலும் சிக்கல் உண்டு: மைதா போண்டா பொரித்த எண்ணெயிலேயே அதையும் பொரிப்பார்கள். சூடு குளூட்டனை அழிக்காது. சைனீஸ் ஐட்டங்களில் சோயா சாஸே பெரும்பாலும் கோதுமை சேர்த்துத் தயாரிப்பது. ஃப்ரைடு ரைஸும் வேண்டாம்.

மதியம் 1 மணிக் கூட்டத்தில் யாரும் நின்று பதில் சொல்ல மாட்டார்கள். 12-க்கு முன்பே போய், சர்வரை விட மாஸ்டரிடமே கேட்பது நல்லது.