அடிமை முறைக்கு ஈடு கேட்கும் வாதம்: பாதி வாக்கியத்தில் நிற்காதீர்கள்

சட்டக் கல்லூரி மாணவர்களை மூட் கோர்ட் (மாதிரி நீதிமன்ற வாதம்) போட்டிகளுக்குத் தயார் செய்வது பல வருடங்களாக என் வேலை. இந்த முறை தலைப்பு, அட்லாண்டிக் அடிமை வணிகத்துக்காக, அன்று காலனிகளை ஆண்ட அரசுகள் ஈடுசெய்ய வேண்டுமா என்பது. எழுதி வந்த நான்கு பேரில் மூன்று பேர், மாணவனாக இருந்தபோது நான் செய்த அதே தவறைச் செய்திருந்தார்கள். ஆண்டை மாற்றிப் போடுவது, வழக்கின் பெயரைப் பிழையாக எழுதுவது போன்றவற்றை நீங்களே திருத்திக்கொள்வீர்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

டர்பன் பிரகடனத்தைப் பாதியில் வெட்டுவது

2001-இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இனவெறிக்கு எதிரான ஐ.நா. மாநாடு நடந்தது. அதன் பிரகடனத்தின் 13-வது பத்தி, அடிமை முறையும் அடிமை வணிகமும் மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் என்கிறது. மாணவர்கள் அங்கேயே முற்றுப்புள்ளி வைத்துவிட்டு, "ஆகவே அரசுகள் ஈடுசெய்யக் கடமைப்பட்டவை" என்று தாவுகிறார்கள். ஆனால் வாக்கியம் அங்கே முடியவில்லை. "எப்போதுமே அப்படி இருந்திருக்க வேண்டும்" என்று தொடர்கிறது.

தமிழில் படிப்பவர்களுக்கு இதில் ஒரு கண்ணி உண்டு. "அவர் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும்" என்றால் போயிருப்பார் என்ற ஊகமாகவும் இருக்கலாம்; போகாமல் விட்டது தவறு என்ற குறையாகவும் இருக்கலாம். டர்பன் வாசகம் இரண்டாவது வகை. குற்றமாகக் கருதியிருக்க வேண்டும், கருதவில்லை என்பதே அதன் பொருள். பொறுப்பு தங்கள் தலையில் விழுந்துவிடக் கூடாது என்று, அன்று காலனிகளை ஆண்ட நாடுகள் போராடிப் பெற்ற சொற்கள் அவை.

எனக்கு இது எப்படித் தெரிந்தது என்றால், ஒரு போட்டியில் நடுவர் என்னைத் தடுத்து, "அந்த வாக்கியத்தை முழுசாப் படிங்க" என்றார். படித்தேன். "அப்போது அது குற்றமாக இல்லை என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்களா?" என்றார். என்னிடம் பதில் இல்லை. ஆறு மாத உழைப்பு அந்த நிமிடத்தில் போனது. இன்றும் யாராவது அந்தப் பத்தியைப் பாதியில் வெட்டினால் எனக்குக் கோபம் வருகிறது. உண்மையான துயரத்தைச் சுமந்த ஒரு கோரிக்கை, படிக்கச் சோம்பியதால் தோற்கக் கூடாது.

எதிர்த்தரப்பு உடனே எடுப்பது, ஒரு தீவு யாருக்குச் சொந்தம் என்று அமெரிக்காவும் நெதர்லாந்தும் மோதிய வழக்கில் 1928-இல் வந்த பால்மாஸ் தீவுத் தீர்ப்பைத்தான். ஒரு செயலை அது நடந்த காலத்துச் சட்டத்தைக் கொண்டே மதிப்பிட வேண்டும் என்றார் நடுவர் மாக்ஸ் ஹூபர். ஐ.நா.வின் சர்வதேசச் சட்ட ஆணையம் 2001-இல் முடித்த அரசுப் பொறுப்பு விதிகளில் (சர்வதேசச் சட்டத்தை மீறும் அரசின் பொறுப்பைச் சொல்பவை) 13-வது விதியும் அதையே சொல்கிறது.

சரி, அப்புறம் என்ன வழி? அந்தக் களத்திலேயே நின்று வாதாடுங்கள். அக்காலச் சட்டம் என்றால் யாருடைய சட்டம்? ஐரோப்பிய அரசுகள் தங்களுக்குள் வகுத்துக்கொண்டது மட்டும்தானா, ஆப்பிரிக்கச் சமூகங்களின் சட்டங்களுக்கு அதில் இடமில்லையா? 1815-இல் வியன்னாவில் கூடிய வல்லரசுகளே அடிமை வணிகம் மனிதநேயத்துக்கும் பொது ஒழுக்கத்துக்கும் முரணானது என்று அறிவித்தன. பிரேசில் 1831-இலேயே அடிமைகளை இறக்குவதைச் சட்டத்தால் தடை செய்தது. அதன் பிறகும் லட்சக்கணக்கானோரைக் கொண்டுவந்து விற்றார்கள். அந்த மனிதர்களுக்கு நடந்தது, அன்றைய சட்டப்படியே குற்றம். இதற்கு டர்பன் தேவையே இல்லை. ஜமைக்காவும் இந்தக் கேள்வியை ஒதுக்கவில்லை. ஆப்பிரிக்கர்களைக் கடத்தி வந்தது சட்டப்படியானதா என்பதையே, தன் உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சிலிடம் கேட்கும்படி பிரிட்டிஷ் மன்னருக்கு மனு செய்யப்போவதாக 2025 ஜூனில் அறிவித்தது.

"பாதிப்பு இன்றும் தொடர்கிறது, ஆகவே மீறலும் தொடர்கிறது"

இல்லை. அதே அரசுப் பொறுப்பு விதிகளில் 14-வது விதியைப் படியுங்கள். விளைவு நீடிப்பதால் மட்டும் செயல் நீடித்ததாகாது.

பிரான்ஸ் 2001-இலேயே தன் சட்டத்தில் அடிமை முறையை மனிதகுலத்துக்கு எதிரான குற்றமாக அங்கீகரித்தது. அப்படியும் கரீபியனில் பிரான்சின் பகுதியான மார்ட்டினிக் தீவில் அடிமைகளின் வழித்தோன்றல்கள் தொடுத்த வழக்கை அந்நாட்டின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023 ஜூலையில் தள்ளுபடி செய்தது. முன்னோர்களுக்கு நடந்த குற்றத்தோடு உறுதியாக இணைக்கக்கூடிய சொந்தப் பாதிப்பை அவர்கள் தனித்தனியாகக் காட்டவில்லை என்பது ஒரு முக்கியக் காரணம். அரசு கேட்கிறதா, தனி மனிதர் கேட்கிறாரா என்பதை முதல் பக்கத்திலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

20 மில்லியன் பவுண்டை ஆதாரமாக வைப்பது

அடிமை முறையை ஒழித்த 1833 சட்டத்தின் கீழ் பிரிட்டன் 20 மில்லியன் பவுண்டு கொடுத்தது, அடிமைகளின் உரிமையாளர்களுக்கு. அது அன்றைய ஆண்டுச் செலவில் ஏறக்குறைய 40 சதவீதம். அதற்காக வாங்கிய கடனின் கடைசிப் பகுதி 2015-இல்தான் தீர்ந்தது. விடுதலையானவர்களுக்கு ஒரு பென்னி கிடையாது, மேலும் சில ஆண்டுகள் கூலியில்லா உழைப்புதான். மனதை உலுக்கும் உண்மை இது. ஆனால் இதைக் குற்ற ஒப்புதலாகக் காட்டினால் எதிர்த்தரப்பு திருப்பிப் போடும்: சட்டப்படியான சொத்து என்று கருதியதால்தானே ஈடு கொடுத்தார்கள்! இழப்பைக் கணக்கிடும் பகுதியில் வையுங்கள். உரிமையாளர்களின் பெயர்களும் தொகைகளும் பதிவேடுகளில் இருப்பதால் அங்கே இது வலுவான சான்று.

இன்னொன்று: அந்தச் சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் பகுதிகளையும் இலங்கையையும் விலக்கிவைத்தது. "பேரரசு முழுவதும் விடுதலை" என்று எழுதாதீர்கள். இந்தியாவுக்கான சட்டம் 1843-இல்தான் வந்தது.

ஹைட்டியை மற்றவற்றோடு சேர்ப்பது

ஹைட்டி கேட்பது, கொடுத்த பணத்தைத் திரும்ப. 1825-இல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை அனுப்பி, தன் காலனியாக இருந்து விடுபட்ட ஹைட்டியின் சுதந்திரத்தை அங்கீகரிக்க 150 மில்லியன் ஃபிராங்க் விதித்தது. 1838-இல் அதை 90 மில்லியனாகக் குறைத்தது. யார் கொடுத்தார், யார் வாங்கினார், எவ்வளவு என்பதெல்லாம் தெரியும். தனித் தலைப்பில் எழுதுங்கள்.

மௌ மௌ வழக்கு

மௌ மௌ என்பது கென்யாவில் 1950-களில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக எழுந்த கிளர்ச்சி. அதை அடக்கியபோது நடந்த சித்திரவதைக்காக, வழக்குச் செலவு உட்பட 19.9 மில்லியன் பவுண்டு தர 2013-இல் பிரிட்டன் ஒப்புக்கொண்டது. அதைப் பெற்ற 5,228 கென்யர்களும் சித்திரவதையை நேரடியாக அனுபவித்து உயிரோடிருந்தவர்கள். வழித்தோன்றல்கள் கேட்கும் வழக்குக்கு அது முன்னுதாரணம் அல்ல.

மன்னிப்பைக் கடன் ஒப்புதலாகப் படிப்பது

நெதர்லாந்துப் பிரதமர் 2022 டிசம்பரில் மன்னிப்புக் கேட்டார், 200 மில்லியன் யூரோ நிதியும் அறிவித்தார். அது விழிப்புணர்வுப் பணிகளுக்கானது, இழப்பீடு அல்ல.

சூரிநாமில் 1863 என்று எழுதுவது

நெதர்லாந்தின் காலனியாக இருந்த சூரிநாமில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1863-இல். ஆனால் அரசின் மேற்பார்வையில் கட்டாயமாக மேலும் பத்து ஆண்டுகள் தோட்டங்களில் உழைக்க வைத்தார்கள். 1873 வரை கணக்கிடுங்கள்.