வலி போயிருச்சு என்றால் எலும்பு கூடிருச்சு என்று அர்த்தமில்லை

பாளையங்கோட்டையில் ஒரு மாலைப் பயிற்சி. பத்தாம் வகுப்புப் பையன், வலது கை வேகப்பந்து. ஓவர் முடிந்ததும் இடுப்பில் கையை ஊன்றி நின்றான். "எங்கேலே வலிக்கு?" என்றேன். இடது பக்கம், பெல்ட் கட்டும் இடத்தில், ஒற்றை விரலை வைத்துக் காட்டினான். முன்னால் குனிந்தால் ஒன்றுமில்லை. பின்னால் வளைந்தால் முகம் சுளித்தான்.

வீட்டில் சுளுக்கு என்று முடிவு செய்து, இரண்டு முறை எண்ணெய் போட்டு வழித்திருந்தார்கள். நம் ஊரில் முதலில் நடக்கும் தவறு இதுதான். பந்தை விடும்போது உடம்பு பின்னால் வளைந்து, சாய்ந்து, திரும்புகிறது. முன்னங்கால் தரையில் குத்துகிற அடியும் அதோடு சேர்கிறது. இத்தனையும் போய் விழுவது இடுப்பு முள்ளெலும்பின் பின்பக்கத்து மெல்லிய பகுதியில், பெரும்பாலும் ஐந்தாவது எலும்பில். வளரும் பிள்ளைகளுக்கு அந்த இடம் இன்னும் முற்றியிருக்காது, மெல்லக் கீறல் விடும். வேகப்பந்து வீசுபவர்களுக்குப் பொதுவாக வீசும் கைக்கு எதிர்ப்பக்கத்தில்தான் வரும். அதை அமுக்கி வழித்துச் சரிசெய்ய முடியாது.

அடுத்தது, "எக்ஸ்ரேயில் ஒண்ணும் இல்லையாம்" என்று நிம்மதியாகிவிடுவது. ஆரம்பக் கீறல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம், எம்.ஆர்.ஐ.யில் தெரியும். வலி இரண்டு மூன்று வாரம் தாண்டினால் எம்.ஆர்.ஐ. வேண்டுமா என்று எலும்பு மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். கால் மரத்துப்போனாலோ சிறுநீர் போவதில் சிரமம் இருந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பிள்ளைகள் காயத்தை அதிகம் கெடுத்துக்கொள்வது இதற்குப் பிறகுதான். பந்து வீசாமல் ஒரு மாதம் இருந்தால் பலருக்கு வலி போய்விடும். எலும்பு கூடவோ மாதக்கணக்கு ஆகும். முழுவேகத்தில் வீச ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகலாம். இந்த இடைவெளியில்தான் ஊர்க் கோயில் கொடைக்கு டென்னிஸ் பந்து டோர்னமெண்ட் வரும். "நாலு ஓவர்தானே, வாலே" என்று கூப்பிடுவார்கள். அவனும் போவான். அவனை நான் குறை சொல்ல மாட்டேன், கூப்பிடுகிற பெரியவர்களைத்தான் சொல்வேன். 2022-இல் முதுகுக் காயத்தால் ஆசியக் கோப்பையில் ஆடாத இந்திய வேகப்பந்து வீச்சாளர் பும்ரா, செப்டம்பரில் ஆஸ்திரேலியாவோடு இரண்டு டி20 ஆடினார். முதுகுக் காயம் மறுபடி வந்துவிட்டது, டி20 உலகக் கோப்பையில் ஆட முடியாமல் போயிற்று. 2023 மார்ச்சில் அறுவை சிகிச்சை, ஆகஸ்டில்தான் திரும்பி வந்தார். அத்தனை மருத்துவர்கள் சுற்றி நின்றும் அப்படி. வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு வீசுகிற பையன் என்ன ஆவான்?

ஓய்வு என்றதும் மாதக்கணக்கில் கட்டிலில் போட்டுவைப்பதும் தப்பு. நடக்கலாம். பிசியோதெரபிஸ்ட் சொல்கிற நேரத்தில் வயிறு, புட்டம், பின்தொடைத் தசைகளுக்கான பயிற்சியைத் தொடங்க வேண்டும். பின்னால் வளைக்கிற ஆசனங்களை மட்டும் அவர் சொல்லும் வரை தொடக்கூடாது; நல்லது என்று நினைத்து புஜங்காசனம் செய்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். சாப்பாட்டையும் கவனியுங்கள். கேப்பை, நெத்திலி, பால் எல்லாம் நம் வீட்டில் இருப்பதுதான். பெண் பிள்ளைக்கு மாதவிடாய் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்; எலும்பு பலவீனமாவதற்கும் அதற்கும் தொடர்பு உண்டு.

திரும்ப வீசும்போது பந்தை எண்ணாமல் விடுவது கடைசித் தவறு. பள்ளி அணி, கிளப், தெரு மூன்றிலும் வீசுகிறான், மூன்று இடத்துக் கணக்கையும் யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. அந்தப் பையனுக்கு நாற்பது பக்க நோட்டு ஒன்று கொடுத்தேன். மருத்துவர் சரி என்ற பிறகு முதல் வாரம் நின்ற இடத்திலிருந்து 12 பந்து, ஒருநாள் விட்டு ஒருநாள். அப்புறம் நடந்து வந்து 18. ஓடிவர ஆரம்பித்ததும் அரைவேகத்தில் 24. மறுநாள் காலையில் பின்னால் வளைந்து பார்த்து, இடது பக்கம் எப்படி இருக்கிறது என்று அவனே எழுத வேண்டும். ஒரு நாள் "லேசா" என்று எழுதியிருந்தான். அந்த வாரம் பந்தை வாங்கி வைத்துக்கொண்டேன்.