மனத்தை உருக்கிய அனிமேஷன் படத்துக்கு விமர்சனம் எழுதுவது எப்படி?

குடும்பத்தோடு பார்த்த ஓர் அனிமேஷன் படம் மனத்தை உலுக்கிவிட்டால், அதைப் பற்றி நாலு பேரிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் எழுத உட்கார்ந்ததும் 'அருமை', 'நெகிழ்ச்சி', 'கண் கலங்கிவிட்டது' ஆகிய சொற்களைத் தாண்டிக் கை நகர மறுக்கிறது. அந்தச் சொற்களில் பொய் இல்லை. இருந்தாலும் படத்தைப் பார்க்காதவருக்கு அவை எதையும் காட்டுவதில்லை. அழுகை எந்த இடத்தில், எதனால் வந்தது என்பதைத் தேடிப் பிடித்து எழுதினால்தான் ஒருவரின் கருத்து இன்னொருவருக்குப் பயன்படும்.

படம் பார்த்த அன்றே, தூங்கப் போகுமுன், கண்ணில் நீர் முட்டிய இடத்தை ஒரு வாக்கியத்தில் குறித்து வையுங்கள். "கிளைமாக்ஸில் அழுதேன்" என்பது போதாது. யாருடைய கை எதைத் தொட்டபோது, எந்த ஒலி நின்றபோது என்கிற அளவுக்குக் குறிப்பு நுணுக்கமாக இருக்க வேண்டும். பிறகு அந்த இடத்திலிருந்து பின்னோக்கிச் செல்லுங்கள். நம்மை உடைத்துவிடும் காட்சியின் வலிமை பெரும்பாலும் அந்தக் காட்சியில் இருப்பதில்லை. முன்பே வந்துபோன ஒரு சிறு பொருளிலோ, பழக்கத்திலோ, மெட்டிலோ அது விதைக்கப்பட்டிருக்கும். முதல் முறை வந்தபோது அதைப் பார்த்து நாம் சிரித்திருக்கவும்கூடும்.

அனிமேஷனில் இந்தத் தேடலுக்கு நிச்சயமாகப் பலன் உண்டு. ஒரு நடிகரின் முகத்தில் அவரே அறியாமல் ஏதோ ஒன்று வந்து போகலாம். கேமரா அதைப் பிடித்துக்கொள்ளும். வரைந்தோ கணினியிலோ உருவாக்கப்படும் முகத்தில் அப்படிப்பட்ட தற்செயலுக்கு ஏறக்குறைய இடமே இல்லை. ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடும் படத்தில், இமை எவ்வளவு தாழ வேண்டும், சன்னல் வழியே வரும் வெளிச்சம் எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்பதையெல்லாம் யாரோ ஒருவர் முடிவு செய்திருக்கிறார். ஆகவே "இது ஏன் இப்படி இருக்கிறது?" என்று துணிந்து கேட்கலாம்.

பீட் டாக்டர் இயக்கத்தில் பிக்ஸார் அனிமேஷன் நிறுவனம் தயாரித்து 2009இல் வெளிவந்த 'அப்' படத்தையே எடுத்துக்கொள்வோம். கார்ல், எல்லி என்னும் தம்பதியின் மணவாழ்க்கை முழுவதும் தொடக்கத்தில் ஏறக்குறைய நான்கு நிமிடங்களில், வசனமே இல்லாமல் சொல்லப்படுகிறது. குடும்பப் படங்களில் எனக்குத் தெரிந்து இதைவிடச் செறிவான பகுதி இல்லை. ஆனால் இப்படிப் பாராட்டுவதோடு நிறுத்திக்கொண்டால் அது விமர்சனம் ஆகாது. இனி அதை நிறுவ வேண்டும்.

தொலைதூர அருவிக்குப் பயணம் போவதற்காக இருவரும் ஒரு கண்ணாடிச் சாடியில் காசு சேர்க்கிறார்கள். கார் டயர் போய்விடுகிறது, சாடி உடைகிறது. கார்லின் கால் முறிகிறது, சாடி உடைகிறது. வீட்டின் மேல் மரம் சாய்கிறது, மறுபடியும் உடைகிறது. கனவைத் தள்ளிப்போட்டார்கள் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அடுத்து அவர்கள் வழக்கமாக ஏறும் குன்றைக் கவனியுங்கள். இளமையில் எல்லி முன்னால் ஓடுகிறாள், கார்ல் மூச்சு வாங்கப் பின்னால் வருகிறான். முதுமையில் கார்ல் முன்னே போய்விட, எல்லி பாதி வழியில் தடுமாறி விழுகிறாள். அதே குன்று, அதே இருவர், முன்பின் மட்டுமே மாறியிருக்கிறது. அந்த ஒரு மாற்றத்தால் வரப்போவது நமக்குப் புரிந்துவிடுகிறது. நம் கண்ணீர் சாவுக்காக மட்டும் வந்ததன்று, முதல் முறை அவள் ஓடியதை நாம் பார்த்திருந்ததால் வந்தது என்பதைத்தான் விமர்சனத்தில் எழுத வேண்டும்.

கண்ணுக்கும் காதுக்கும் தனித்தனியே வேலை கொடுப்பது நல்ல உத்தி. அதே பகுதியை ஒரு முறை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். இன்னொரு முறை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். ஒலியில்லாமல் பார்த்தால், கார்லின் முகமும் உடலும் அவன் நாற்காலியும் சதுரமாகவும், எல்லிக்கு உரியவை வளைவாகவும் வடிவமைக்கப்பட்டிருப்பது தெரியும்; அவள் போன பிறகு அந்த வளைந்த நாற்காலி காலியாக நிற்பது ஏன் அவ்வளவு வலிக்கிறது என்பதும் விளங்கும். கண்ணை மூடிக் கேட்டால், இசையமைப்பாளர் மைக்கேல் ஜியாச்சினோவின் வால்ஸ் (மூன்று அடித்தாள நடன இசை) மெட்டு துள்ளலாகத் தொடங்கிக் கடைசியில் பியானோவில் மெலிந்து தேய்வது கேட்கும். அவருக்கு ஆஸ்கர் கிடைத்தது என்ற தகவலைவிட, ஒரே மெட்டு மகிழ்ச்சிக்கும் துயரத்துக்கும் பொருந்தியது என்ற கவனிப்பே வாசகருக்குப் பெரிது.

நெகிழ வைத்த படத்தைக் குறை சொல்வது நன்றிகெட்ட செயல் என்று சிலர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் தேவையில்லை. 'அப்' படத்தின் முற்பகுதி எட்டிய உயரத்தை, நாய்களும் வான்கப்பலும் துரத்தல்களும் நிறைந்த பிற்பகுதி எட்டவில்லை என்பது என் கருத்து. வில்லனாக வரும் மன்ட்ஸின் வெறிக்குப் படம் போதிய ஆழம் தரவில்லை. இதைச் சொல்வதால் முற்பகுதியின் மீதான என் மதிப்பு குறைந்துவிடாது. குறையையும் காரணத்தோடு சொல்பவரின் பாராட்டைத்தான் வாசகர் நம்புவார்.

கதைச்சுருக்கத்துக்கு நான்கைந்து வரிகள் போதும். முடிச்சை அவிழ்க்காமல் உணர்வை விளக்க முடியுமா என்ற கேள்வி இங்கே எழும், முடியும். 2017இல் வந்த 'கோகோ' படத்தில் ஒரே பாடல் முதலில் மேடையில் ஆர்ப்பாட்டமாக ஒலிக்கிறது, பின்னர் தாலாட்டாக வருகிறது, இறுதியில் தளர்ந்த குரலில் மிக மெதுவாகப் பாடப்படுகிறது. யார் யாருக்காகப் பாடுகிறார் என்பதை நான் சொல்லவில்லை. ஆனாலும் படத்தின் உணர்வோட்டம் எதைச் சுற்றி அமைந்திருக்கிறது என்பது இவ்வளவிலேயே தெரிந்துவிடுகிறது. இப்படி என்ன நடக்கிறது என்பதை மறைத்து, எப்படி நடக்கிறது என்பதைக் காட்டலாம்.

சொந்த வாழ்க்கையைப் பற்றி எழுதலாமா என்றால், ஒரு வரி எழுதலாம். அண்மையில் தாத்தாவை இழந்தவர் அதைச் சொல்லிவிட்டால், அவருடைய அழுகையில் எவ்வளவு படத்துக்கு உரியது என்று வாசகர் தாமே கணித்துக்கொள்வார். டப்பிங்கில் பார்த்திருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். குரல் நடிப்பைப் பற்றி நீங்கள் சொல்வது அந்தப் பதிப்புக்கு மட்டுமே பொருந்தும்.

கடைசியாக, குடும்பப் படம் என்பதால் பிள்ளைகளை அழைத்துச் செல்ல நினைப்பவருக்குத் தெளிவான பதில் தர வேண்டும். "எல்லா வயதினரும் பார்க்கலாம்" என்ற வரி அவருக்கு உதவாது. 'அப்' படத்தில் எல்லி மருத்துவமனையில் முகம் புதைத்து அழும் காட்சியில் பெரியவர்களுக்கு இடி விழுகிறது, சின்னப் பிள்ளைகளுக்கோ அது என்னவென்றே தெரியாமல் கடந்து போகலாம், அல்லது "ஏன் அழறாங்க?" என்ற கேள்வி அங்கேயே வரலாம். ஆகவே சாவு, பிரிவு, அச்சம் ஆகியவை எந்தப் பகுதியில் வருகின்றன, நேரடியாகக் காட்டப்படுகின்றனவா குறிப்பாக உணர்த்தப்படுகின்றனவா, அதன் பிறகு பிள்ளை மூச்சு விட்டுக்கொள்ளச் சிரிப்போ ஆறுதலோ வருகிறதா என்பதை எழுதுங்கள். உங்களோடு பார்த்த பிள்ளை எந்த இடத்தில் உங்கள் கையைப் பிடித்தது என்பது நினைவில் இருந்தால், அதைத் தவறாமல் சேர்த்துக்கொள்ளுங்கள்.